பெருங்குடலா, புராஸ்டேட்டா? டர்பன் பக்கத்து ஆண்கள் எதை முதலில் பார்ப்பது

நாற்பத்தைந்து வயதைத் தாண்டிய ஆணுக்குப் புற்றுநோய்ப் பரிசோதனை என்று பேச்சு வந்தால் இரண்டு உறுப்புகள் முன்னால் வந்து நிற்கும். ஒன்று சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பி, இன்னொன்று பெருங்குடல். தென்னாப்பிரிக்காவின் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டில் நம்மைப் போன்ற இந்திய வம்சாவளி ஆண்களின் கணக்கிலும் இவை இரண்டும்தான் முன்வரிசையில் இருக்கின்றன. ஆனால் நம் ஆட்கள் இரண்டையும் ஒரே மாதிரி நடத்துவதில்லை. கோயிலில் மருத்துவ முகாம் போட்டால் புராஸ்டேட்டுக்கான பிஎஸ்ஏ இரத்தப் பரிசோதனை மேசைக்கு முன்னால் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வரிசையாக நிற்கிறார்கள். பக்கத்து மேசையில் பெருங்குடலுக்கான மலப் பரிசோதனைக் குழாய்கள் அடுக்கி வைத்தபடியே இருக்கின்றன. "அதெல்லாம் வேண்டாம் தம்பி" என்று சொல்லிவிட்டு நேராகச் சாப்பாட்டுப் பந்திக்குப் போய்விடுகிறார்கள்.

இது தலைகீழாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து. ஒரே ஒரு பரிசோதனைக்குத்தான் மனசு வரும் என்றால் அது மலப் பரிசோதனையாக இருக்கட்டும். பிஎஸ்ஏ வேண்டாம் என்று சொல்லவில்லை. அது யோசித்து, டாக்டரிடம் பேசிவிட்டுச் செய்ய வேண்டியது. போகிற போக்கில் கையை நீட்டிக் கொடுத்துவிட்டு வருகிற விஷயமாக அதை எடுத்துக்கொள்ளக் கூடாது.

காரணம் அந்த இரண்டு நோய்களின் போக்கில் இருக்கிறது. பெருங்குடல் புற்று பெரும்பாலும் பாலிப் எனப்படும் சின்னச் சதை வளர்ச்சியாகத்தான் தொடங்குகிறது. அது புற்றாக மாறப் பொதுவாகப் பத்து வருடம் வரை ஆகும். அந்த இடைவெளியில் கண்டுபிடித்து வெட்டி எடுத்துவிட்டால் அந்தப் பாலிப்பிலிருந்து புற்று வராது. புராஸ்டேட்டில் அப்படி வெட்டி எடுக்க ஒரு முன்கட்டம் கிடையாது. பிஎஸ்ஏ எதையும் தடுப்பதில்லை. ஏற்கெனவே இருப்பதைக் காட்டிக்கொடுக்கலாம், அவ்வளவுதான். காட்டிக்கொடுப்பதிலும் ஒரு பகுதி, அந்த மனிதரை அவர் ஆயுள் முழுக்கத் தொந்தரவே செய்யாத மந்தமான ரகம்.

வீட்டிலேயே செய்யும் மலப் பரிசோதனை

இதற்கு எஃப்ஐடி என்று பெயர். கண்ணுக்குத் தெரியாத அளவு இரத்தம் மலத்தில் கலந்திருக்கிறதா என்று பார்ப்பது. லேபில் கேட்கும்போது "இம்யூனோகெமிக்கல் வகைதானா?" என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். பழைய வகைக்குச் சில நாள் ஆட்டிறைச்சி, விட்டமின் சி எல்லாம் நிறுத்த வேண்டியிருக்கும். இதற்கு அந்தத் தொல்லை இல்லை, என்ன வேண்டுமானாலும் சாப்பிடலாம்.

செய்கிற விதம் நினைப்பதைவிட எளிது. டாய்லெட் கிண்ணத்தில் தண்ணீர் படாதபடி ஒரு தாளை விரித்துக்கொள்ள வேண்டும். குழாயின் மூடியோடு ஒரு மெல்லிய குச்சி இருக்கும், அதன் நுனியில் வரிவரியாக இருக்கும். அந்த நுனியால் மலத்தை நாலைந்து இடத்தில் தொட்டு, குழாய்க்குள் விட்டு, மூடி, தேதியை எழுத வேண்டும். கையில் எதுவும் படாது. ஆனால் நம் ஊர் வெயிலுக்கு ஒரு எச்சரிக்கை உண்டு. ஜனவரி, பிப்ரவரி மாத டர்பன் சூட்டில் அந்தக் குழாயைக் காருக்குள் விட்டுவிட்டு வேலைக்குப் போய்விடக் கூடாது. சூட்டில் இரத்தத்தின் புரதம் சிதைந்து, இருப்பது இல்லை என்று வந்துவிடும். அன்றைக்கே லேபில் கொடுங்கள். முடியாவிட்டால் ஒரு கவருக்குள் போட்டு ஃபிரிட்ஜின் ஒரு மூலையில் வையுங்கள். வீட்டில் இருப்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால் நல்லது.

இதன் குறையும் தெரிந்திருக்க வேண்டும். பெருங்குடல் புற்று இருப்பவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேரை ஒரு தடவையில் பிடித்துவிடும். பெரிய பாலிப்களை ஒரு தடவையில் நான்கில் ஒன்றுதான் பிடிக்கும். ஆகவே ஒரு முறை செய்துவிட்டு நிம்மதியாக இருந்துவிட முடியாது. வருடா வருடம், குறைந்தது இரண்டு வருடத்துக்கு ஒரு முறை திரும்பத் திரும்பச் செய்தால்தான் அதன் பலம் வெளிப்படும். பிறந்தநாள் மாதத்தில் செய்வது என்று வைத்துக்கொண்டால் மறக்காது.

அப்புறம், இரத்தம் இருக்கிறது என்று முடிவு வந்தால் என்ன செய்கிறோம் என்பதில்தான் நம் ஆட்கள் வழுக்கி விழுகிறார்கள். "அது மூலம்தான், உடம்புச் சூடு" என்று மோரும் வெந்தயமும் சாப்பிட்டுக்கொண்டு மாதக்கணக்கில் இருப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மூலம் இருப்பவருக்கும் பாலிப் இருக்கலாம். எஃப்ஐடியில் இரத்தம் காட்டினால் அடுத்தது, குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோபிதான். இன்னொரு எஃப்ஐடி செய்து பார்ப்பது அதற்கு மாற்று ஆகாது. கொலோனோஸ்கோபிக்குப் போகவே மாட்டேன் என்பவர் எஃப்ஐடி செய்வதில் அர்த்தம் இல்லை.

கொலோனோஸ்கோபி: ஆயத்த ராத்திரிதான் பெரிய வேலை

பரிசோதனை அரைமணி நேரச் சமாசாரம். மயக்க மருந்து கொடுப்பார்கள், பெரும்பாலோருக்கு எதுவும் ஞாபகம் இருப்பதில்லை. கேமரா வைத்த குழாய் பெருங்குடல் முழுவதையும் பார்க்கும். பாலிப் இருந்தால் அங்கேயே வெட்டி எடுத்துவிடலாம். சுத்தமாக இருந்தால் சாதாரண ஆபத்து நிலையில் இருப்பவருக்குப் பத்து வருடத்துக்கு அடுத்த பரிசோதனை வேண்டியதில்லை. இந்த இரண்டும்தான் இதன் பெரிய பலம். ஆபத்தும் உண்டு, குறைவு. அமெரிக்கத் தடுப்பு மருத்துவப் பணிக்குழு தொகுத்த கணக்கில், பரிசோதனைக்காகச் செய்யும் 10,000 கொலோனோஸ்கோபிகளில் பெரிய இரத்தக்கசிவு சுமார் 15 பேருக்கும் குடலில் ஓட்டை சுமார் 3 பேருக்கும் வருகிறது.

கஷ்டம் முந்தின நாள்தான். குடலைக் கழுவும் மருந்து இரண்டிலிருந்து நான்கு லிட்டர் வரை குடிக்க வேண்டியிருக்கும். பாதியை முந்தின சாயந்திரமும் மீதியைப் பரிசோதனைக்குச் சில மணி நேரம் முன்பும் குடித்தால் குடல் நன்றாகச் சுத்தமாகும். சுத்தமாகாத குடலில் சின்னப் பாலிப் தப்பிவிடும், அதனால் இதில் குறுக்குவழி தேடாதீர்கள். இரண்டு மூன்று நாள் முன்பிருந்தே விதையும் நாரும் உள்ளதை நிறுத்த வேண்டும்: பீன்ஸ் கறி, பருப்பு, கீரை, கத்தரிக்காய், தக்காளி, மீலி (மக்காச்சோளம்), பிரவுன் பிரெட். வெள்ளைச் சோறு, உருளைக்கிழங்கு, தயிர், முட்டை, மீன் சாப்பிடலாம். முந்தின நாள் தெளிந்த திரவம் மட்டும். நன்றாக வடிகட்டிய ரசம், பால் விடாத டீ, ஆப்பிள் ஜூஸ் போதும். சிவப்பு ஜெல்லியும் சிவப்புக் கூல்டிரிங்கும் கூடாது, உள்ளே பார்க்கும்போது இரத்தம் போலத் தெரியும்.

நம் வீடுகளுக்கென்று மூன்று விஷயம் தனியாகச் சொல்ல வேண்டும். முதலாவது சுகர். டர்பன் இந்தியர்களில் நீரிழிவு எவ்வளவு பரவலாக இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். சுகர் மாத்திரையை, இன்சுலினை அந்த இரண்டு நாளும் எப்படிக் குறைப்பது, எப்போது நிறுத்துவது என்று தேதி வாங்கும்போதே டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். காலை முதல் நேரத்தைக் கேளுங்கள். இரத்தம் கெட்டியாகாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரையும் இரும்புச்சத்து மாத்திரையும் சாப்பிடுபவர்கள் அதையும் சொல்லிவிட வேண்டும். இரண்டாவது விரதம். தைப்பூசக் காவடிக்குப் பத்து நாள் விரதம் இருக்கும் சமயத்திலோ ஈஸ்டர் தீமிதிக்கு முன்போ இந்தத் தேதியை வைத்துக்கொள்ளாதீர்கள். உடம்பில் ஏற்கெனவே நீர் குறைந்திருக்கும். புரட்டாசி என்றால் பரவாயில்லை, ஆனால் அந்த மாதம் நாம் வாழ்வதே பருப்பிலும் பீன்ஸிலும்தான் என்பதால் அந்த மூன்று நாளைக்குச் சமையலை மாற்ற வேண்டும்.

மூன்றாவது தண்ணீர். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டொங்காட் குடிநீர் சுத்திகரிப்பு நிலையம் சேதமாகி மாதக்கணக்கில் குழாய் வறண்டு கிடந்ததை வடக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வெருலம், ஃபீனிக்ஸ் பக்கம் தண்ணீர் நிற்பது இன்றும் புதிதில்லை. அந்த மருந்தைக் குடித்த ராத்திரி டாய்லெட்டில் தண்ணீர் இல்லை என்றால் அது பெரும்பாடு. காலையிலேயே வாளிகளை நிரப்பி வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் தண்ணீர்த் தொட்டி உள்ள மகன் வீட்டிலோ மகள் வீட்டிலோ அந்த ராத்திரி தங்கிக்கொள்ளுங்கள். எப்படியும் மறுநாள் உங்களைக் காரில் கூட்டிக்கொண்டு வர ஒருவர் வேண்டும். மயக்க மருந்துக்குப் பிறகு ஒரு நாள் முழுக்க வண்டி ஓட்டக் கூடாது.

இரண்டில் எது உயிரைக் காப்பாற்றுகிறது

ஒரு தடவையில் எது நன்றாகப் பிடிக்கிறது என்றால் சந்தேகமே இல்லை, கொலோனோஸ்கோபிதான். ஆனால் மனிதர்கள் போனால்தானே அது பிடிக்கும். ஸ்பெயினில் 57,000-க்கும் மேற்பட்டவர்களை இரண்டு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவை ஒரே ஒரு கொலோனோஸ்கோபிக்கும் இன்னொரு பிரிவை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை எஃப்ஐடிக்கும் அழைத்தார்கள். 2025-இல் வெளிவந்த முடிவில், பத்து வருடத்தில் பெருங்குடல் புற்றால் இறந்தவர்கள் இரண்டு பிரிவிலும் ஏறக்குறைய ஒரே அளவு. எஃப்ஐடிக்கு வந்தவர்கள் சுமார் 40 சதவீதம், கொலோனோஸ்கோபிக்கு வந்தவர்கள் சுமார் 32 சதவீதம். எளிய பரிசோதனைக்கு அதிகம் பேர் வந்ததால் அதன் குறை ஈடுகட்டப்பட்டது. போலந்து, நார்வே, ஸ்வீடன் நாடுகளில் நடந்து 2022-இல் வெளிவந்த ஆய்விலும் இதே கதைதான். கொலோனோஸ்கோபிக்கு அழைக்கப்பட்டவர்களில் 42 சதவீதம்தான் போனார்கள். அப்படியும் அந்தப் பிரிவில் புதிதாகப் பெருங்குடல் புற்று வருவது 18 சதவீதம் குறைந்தது.

இதை நம் ஊருக்குப் பொருத்திப் பார்த்தால் எனக்குத் தெளிவாகவே தெரிகிறது. தென்னாப்பிரிக்காவில் பெருங்குடல் புற்றுக்கென்று தேசிய அளவிலான பரிசோதனைத் திட்டம் கிடையாது. யாரும் வீட்டுக்குக் கடிதம் போடப் போவதில்லை, நாமாகத்தான் கேட்க வேண்டும். கையில் மெடிக்கல் எய்ட் (தனியார் மருத்துவக் காப்பீடு) இல்லாதவர் கிளினிக்குக்குப் போய், அங்கிருந்து ஆர். கே. கான் போன்ற ஆஸ்பத்திரிக்குக் கடிதம் வாங்கி, எந்த அறிகுறியும் இல்லாமல் ஒரு கொலோனோஸ்கோபி கேட்டால் வரிசையின் கடைசியில்தான் நிற்க வேண்டியிருக்கும். அது நியாயமும்தான், முன்னால் இரத்தம் போகிறவர்கள் காத்திருக்கிறார்கள். அதுவே எஃப்ஐடியில் இரத்தம் வந்த தாளோடு போனால் பேச்சு மாறும். நம் மாகாணமான குவாசுலு-நட்டாலில் புற்றுநோய்ச் சிகிச்சை எந்த நிலைக்குப் போனது என்று 2017-இல் மனித உரிமை ஆணையமே அறிக்கை வெளியிட்டு, நோயாளிகளின் உரிமை மீறப்பட்டது என்று சொன்னது. கதிர்வீச்சுக்கும் கீமோவுக்கும் காத்திருப்பு நீளமான ஓர் ஊரில், அந்த வரிசைக்கே போக வேண்டாதபடி பாலிப்பாக இருக்கும்போதே எடுத்துவிடுவது நமக்கு இரட்டை லாபம்.

மெடிக்கல் எய்ட் உள்ளவருக்குக் கணக்கு வேறு. குணப்படுத்தக்கூடிய புற்றுக்கான சிகிச்சை, சட்டம் கட்டாயமாக்கிய குறைந்தபட்சப் பலன்களில் வருகிறது. ஆனால் அறிகுறி இல்லாமல் செய்யும் கொலோனோஸ்கோபி திட்டத்துக்குத் திட்டம் மாறும். ஆஸ்பத்திரியில் சேர்ந்து செய்தால் பல திட்டங்களில் நாம் கையிலிருந்து ஒரு தொகை கட்ட வேண்டும். டே கிளினிக்கிலோ டாக்டரின் அறையிலோ செய்தால் அது குறையும் அல்லது இல்லாமலே போகும். அவர்களுக்குப் போன் செய்யும்போது நான்கு கேள்வி கேளுங்கள்: இது ஸ்கிரீனிங் பலனில் வருமா, சேமிப்புக் கணக்கிலிருந்து போகுமா, எந்த இடத்தில் செய்தால் நான் கட்ட வேண்டியதில்லை, மயக்க மருந்து டாக்டரின் பில் இதில் சேர்ந்ததா. அவர்கள் அனுமதியைக் காட்டும் ஆத்தரைசேஷன் நம்பரை வாங்காமல் மருந்தைக் குடித்துவிடாதீர்கள். எதற்காகச் செய்கிறோம் என்பதைக் காட்ட விண்ணப்பத்தில் எழுதும் ஐசிடி குறியீடும் முக்கியம். இசட்12.1 என்றால் வெறும் பரிசோதனை. இரத்தம் போகிறது என்று நீங்கள் டாக்டரிடம் சொல்லியிருந்தால் குறியீடு அதைச் சொல்ல வேண்டும்.

சிடி ஸ்கேனிலேயே குடலைப் பார்க்கும் முறையும் இருக்கிறது. அதற்கும் பேதி மருந்து குடிக்க வேண்டும், பாலிப் தெரிந்தால் மறுபடி கொலோனோஸ்கோபி. மயக்க மருந்து ஒத்துக்கொள்ளாதவருக்கு மட்டுமே அதைச் சொல்வேன்.

பிஎஸ்ஏ: கொடுப்பது எளிது, பின்னால் வருவது எளிதில்லை

இங்கே பலரைத் தடுப்பது கூச்சம். "விரல் வைத்துப் பார்ப்பாரே" என்று டாக்டர் பக்கமே போகாதவர்கள் உண்டு. அறிகுறி இல்லாதவருக்கு முதல்கட்டத்தில் இரத்தம் போதும். விரல் பரிசோதனை மட்டும் தனியாக ஆரம்பப் புற்றைப் பிடிப்பதில் மோசம் என்று ஆய்வுகளும் காட்டிவிட்டன. தென்னாப்பிரிக்கப் புற்றுநோய்ச் சங்கமான கான்சாவின் மையங்களிலும் முகாம்களிலும் விரல்நுனியில் குத்திப் பார்ப்பது முதல் வடிகட்டல்தான். சரியான எண் வேண்டும் என்றால் லேபில் இரத்தம் கொடுக்க வேண்டும், அதற்குச் சில நூறு ரேண்ட் ஆகும். இரண்டு நாள் முன்பிருந்து தாம்பத்தியமும் நீண்ட சைக்கிள் ஓட்டமும் வேண்டாம். சிறுநீர்த் தொற்று இருந்தால் சரியாகி ஆறு வாரம் பொறுங்கள். புராஸ்டேட் வீக்கத்துக்கு ஃபினாஸ்டெரைட் சாப்பிடுபவர் அதைச் சொல்லியாக வேண்டும். அது எண்ணைப் பாதியாகக் குறைத்துக் காட்டும்.

பலன் எவ்வளவு? ஐரோப்பாவில் 1,62,000 ஆண்களை 23 வருடம் தொடர்ந்து பார்த்த ஆய்வின் முடிவு 2025-இல் வந்தது. பிஎஸ்ஏ பரிசோதனைக்கு அழைக்கப்பட்டவர்களில் புராஸ்டேட் புற்றால் இறப்பது 13 சதவீதம் குறைவு. 456 பேரை அழைத்தால் ஒரு மரணம் தவிர்க்கப்படுகிறது. அந்த ஒரு மரணத்துக்காகக் கூடுதலாக 12 பேருக்குப் "புற்று இருக்கிறது" என்று சொல்ல வேண்டியிருக்கிறது. இது பொய்யான பலன் இல்லை. ஆனால் அந்தப் பன்னிரண்டில் பலர் கேட்காமலேயே இருந்திருக்கலாம் என்ற செய்தியைக் கேட்டுவிட்டு வாழ்கிறார்கள். ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு விடுவதில் பலன் இன்னும் சொற்பம். பிரிட்டனில் ஒரு தடவை மட்டும் அழைத்துப் பார்த்த ஆய்வில் பதினைந்து வருடத்தில் இறப்பு 0.78 சதவீதத்திலிருந்து 0.69 சதவீதத்துக்குத்தான் இறங்கியது. முகாமில் ஒரு குத்து வாங்கிவிட்டு "எனக்கு ஒன்றும் இல்லை" என்று இருப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

எண் கூடுதலாக வந்தால் உடனே ஊசி விட்டுப் புராஸ்டேட்டிலிருந்து சதை எடுக்க ஒத்துக்கொள்ளாதீர்கள். முதலில் சில வாரம் கழித்து மறுபடி இரத்தம். அப்போதும் கூடுதல் என்றால் எம்ஆர்ஐ. அதில் சந்தேகமான இடம் தெரிந்தால் சதை எடுத்துப் பார்ப்பது. எம்ஆர்ஐ முதலில் எடுத்தால் பலருக்கு ஊசியே தேவைப்படாது. அரசு ஆஸ்பத்திரியில் எம்ஆர்ஐக்குக் காத்திருக்க நேரும் என்பதையும் மெடிக்கல் எய்ட் எம்ஆர்ஐக்கு என்ன கொடுக்கும் என்பதையும் இரத்தம் கொடுக்கும் முன்பே விசாரித்து வையுங்கள்.

புற்று என்றே வந்தாலும் அவசரம் வேண்டாத நேரம் உண்டு. பிரிட்டனில் புராஸ்டேட்டுக்குள்ளேயே அடங்கியிருந்த புற்று உள்ள 1,643 ஆண்களைக் கண்காணிப்பு, அறுவை, கதிர்வீச்சு என்று மூன்றாகப் பிரித்தார்கள். பதினைந்து வருடம் கழித்து எந்தப் பிரிவிலும் சுமார் 97 சதவீதத்தினர் அந்தப் புற்றால் இறக்கவில்லை. ஆனால் அறுவைப் பிரிவில் சிறுநீர்க் கசிவுக்காகப் பேட் வைத்துக்கொள்பவர்கள் கண்காணிப்புப் பிரிவைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஆண்மைக் குறைவும் அறுவையில் அதிகம். இதையெல்லாம் கேட்டபின் மந்தமான ரகத்தைக் கண்காணித்துக்கொண்டே இருக்க உங்கள் மனசு ஒத்துக்கொள்ளுமா? ஒத்துக்கொள்ளும் என்றால் பிஎஸ்ஏ உங்களுக்கு நல்லது. "புற்று என்ற சொல் காதில் விழுந்தால் அன்றைக்கே வெட்டி எடுத்துவிடு என்பேன்" என்கிற சுபாவம் என்றால், இரத்தம் கொடுக்கும் முன்பே மனைவியோடும் டாக்டரோடும் உட்கார்ந்து பேசுங்கள்.

யாருக்கு எது

அறிகுறி இல்லாத, குடும்பத்தில் யாருக்கும் வராத ஆணுக்கு: 45 வயதிலிருந்து, தாமதம் என்றாலும் 50-க்குள், வருடா வருடம் எஃப்ஐடி. மெடிக்கல் எய்ட் பணம் கட்டும், ஆயத்தத்துக்கும் தயார் என்றால் ஒரு கொலோனோஸ்கோபி, அப்புறம் பத்து வருடம் நிம்மதி. இரண்டில் எதைச் செய்து முடிப்பீர்களோ அதுவே உங்களுக்குச் சரி.

அப்பாவுக்கோ அம்மாவுக்கோ கூடப் பிறந்தவருக்கோ பெருங்குடல் புற்று இருந்தால் எஃப்ஐடி போதாது. நேராகக் கொலோனோஸ்கோபி, அதுவும் 40 வயதில் அல்லது அவருக்கு வந்த வயதுக்குப் பத்து வருடம் முன்பு, எது முந்தியோ அது. அண்ணனுக்கு 46-இல் வந்திருந்தால் தம்பிக்கு 36-இலேயே.

பிஎஸ்ஏவுக்கு நம் நாட்டுச் சிறுநீரியல் வழிகாட்டுதல் 45 வயது என்கிறது. அப்பாவுக்கோ சகோதரனுக்கோ புராஸ்டேட் புற்று, அல்லது அம்மாவுக்கோ சகோதரிக்கோ மார்பகப் புற்று இருந்தால் 40. கறுப்பின ஆப்பிரிக்க ஆண்களுக்கும் 40தான், இந்த நோய் அவர்களிடம் கடுமையாக வருகிறது. உங்களோடு வேலை செய்யும் நண்பரிடம் இதைச் சொல்லுங்கள். குடும்ப வரலாறு உள்ளவருக்குப் பிஎஸ்ஏ பற்றி எனக்குத் தயக்கமே இல்லை. மற்றவர்கள் 50-க்குள் முதல் தடவை பார்த்தால் போதும். எண் 1-க்குக் கீழே இருந்தால் அடுத்ததற்குப் பல வருடம் இடைவெளி விடலாம்.

எழுபதைத் தாண்டிய தாத்தாக்களைப் பிள்ளைகள் அன்பால் பிஎஸ்ஏவுக்கு இழுத்துப் போவதைப் பார்க்கிறேன். அந்த வயதில் அது நன்மையைவிடத் தொல்லையைத்தான் அதிகம் கொண்டுவரும். பெருங்குடலுக்கு 75 வரை பார்க்கலாம், அதற்கு மேல் அவரவர் உடல்நிலையைப் பொறுத்து. ஆனால் எந்த வயதானாலும் மலத்தில் இரத்தம், காரணமில்லாத இளைப்பு, ஆணுக்கு இரத்தசோகை, மலம் கழிக்கும் வழக்கத்தில் வாரக்கணக்கில் மாற்றம் என்றால் இந்த ஒப்பீடு எதுவும் பொருந்தாது. நேராக டாக்டரிடம் போக வேண்டும்.

கடைசியாக, பாலிப் எடுத்திருந்தால் அந்த ரிப்போர்ட்டின் நகலைக் கேட்டு வாங்குங்கள். எத்தனை பாலிப், எவ்வளவு பெரியது, என்ன வகை என்பதை வைத்துத்தான் அடுத்த தேதி மூன்று வருடமா, ஐந்தா, பத்தா என்று முடிவாகும். அந்த நகலை ஐடி புத்தகத்தோடு சேர்த்து வைத்துவிட்டு, ஒரு படம் எடுத்துப் பிள்ளைகளுக்கும் அனுப்பிவிடுங்கள். அவர்கள் எந்த வயதில் தொடங்க வேண்டும் என்பதற்கு அவர்களுடைய டாக்டர் அதைத்தான் கேட்பார்.